வளைவுகளில் இருசக்கர வாகனத்தைப் பாதுகாப்பாகச் செலுத்துவது எப்படி?

விருதுநகர் மாவட்டத்தில் விபத்துச் சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் மருத்துவர்கள் அடிக்கடி கேட்கும் சொற்கள் இவை: “நான் திருப்பத்தான் செஞ்சேன் சார், வண்டி திரும்பலை.” கால் எலும்பு முறிந்தவரும் தோள்பட்டை எலும்பு முறிந்தவரும் இதையே சொல்கின்றனர். தலைக்காயத்துடன் வந்தவருக்காக அவருடைய உறவினர் இதையே சொல்கிறார். எதிரே வாகனம் வரவில்லை. யாரும் குறுக்கே ஓடவில்லை. சாலை வளைந்தது, வண்டி வளையவில்லை.

பெரும்பாலான நேரங்களில் வண்டியில் குறை இருப்பதில்லை. வளைவுக்குள் நுழைந்த வேகமும், நுழைந்தபின் செய்த ஒரு சிறு பிழையுமே காரணமாக இருக்கும். இவ்விரண்டையும் பயிற்சியால் திருத்திக்கொள்ள முடியும். அதற்கான விளக்கமும், விபத்து நேர்ந்தால் செய்ய வேண்டிய முதலுதவியும் இங்கே தரப்படுகின்றன.

இது ஏன் முக்கியம்?

மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள் நிகழ்ந்தன. 1,68,491 பேர் உயிரிழந்தனர். உயிரிழந்தோரில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். அதே ஆண்டில் தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள் பதிவாயின. 17,884 பேர் உயிரிழந்தனர். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடே நாட்டில் முதலிடத்தில் இருந்தது.

வளைவு விபத்துகளின் தன்மை நெடுங்காலமாக அறியப்பட்டதே. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நிகழ்விடத்திலேயே ஆராய்ந்த ஹாரி ஹர்ட் தலைமையிலான குழுவினர், 1981-இல் தம் அறிக்கையை வெளியிட்டனர். வேறு வாகனம் சம்பந்தப்படாத விபத்துகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்கு ஓட்டுபவரின் பிழையே காரணம் என அவர்கள் கண்டனர். அளவுக்கு மீறி பிரேக் பிடித்துச் சறுக்கி விழுதல், வேகம் மிகுந்து வளைவின் வெளிப்புறம் அகன்று செல்லுதல் ஆகியவையே அப்பிழைகளுள் முதன்மையானவை. நம் மருத்துவமனைகளில் நாம் காண்பதும் இவற்றையே.

நம் பகுதியின் வளைவுகள்

வளைவு என்றதும் மலைப்பாதையே பலருக்கு நினைவுக்கு வருகிறது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, திருத்தங்கல் சுற்றுவட்டாரத்தில் மலைப்பாதை இல்லை. எனினும் பட்டாசு ஆலைகள் குடியிருப்புகளிலிருந்து விலகியே அமைய வேண்டியவை என்பதால், தொழிலாளர்கள் விடியற்காலையிலும் அந்தி வேளையிலும் குறுகலான கிராமச் சாலைகளில் நெடுந்தொலைவு சென்று திரும்ப வேண்டியுள்ளது. அச்சாலைகளின் வளைவுகளுக்கெனச் சில ஆபத்துகள் உண்டு.

• கண்மாய்க்கரை வளைவுகள்: கரையை ஒட்டிச் செல்லும் சாலை, கரை திரும்பும் இடத்தில் திடீரெனத் திரும்பும். மறுபுறம் வருவது தெரியாது. ஒருபுறம் பள்ளம் இருக்கும்.

• சீமைக்கருவேல மறைப்பு: சாலையோரம் அடர்ந்த சீமைக்கருவேல மரங்கள் வளைவின் உட்புறத்தை முழுவதும் மறைத்துவிடுகின்றன. ஆடு மேய்ப்பவரோ நின்றுகொண்டிருக்கும் வேனோ அருகில் சென்ற பின்னரே கண்ணில் படும்.

• கரிசல் சேறு: வடகிழக்குப் பருவமழையும் தீபாவளிப் பணி நெருக்கடியும் ஒரே காலத்தில் வருகின்றன. வயலிலிருந்து ஏறும் டிராக்டர்களின் சக்கரங்கள் கரிசல் மண்ணைத் தார்ச்சாலையில் பூசிச் செல்கின்றன. ஈரமான கரிசல் எண்ணெய்போல் வழுக்கும்.

• மணலும் தானியமும்: கோடையில் வளைவின் ஓரங்களில் மணல் ஒதுங்கிக் கிடக்கும். அறுவடைக் காலத்தில் சோளம், கம்பு, உளுந்து ஆகியவை சாலையிலேயே உலர்த்தப்படுகின்றன. இவற்றின்மீது சாய்ந்த நிலையில் ஏறும் சக்கரம் பிடிப்பை இழக்கும்.

• மேடுபள்ளம்: கரிசல் மண் ஈரத்தில் விரிந்து வெயிலில் சுருங்கும். ஆகவே அதன்மீது அமைந்த சாலைகள் எளிதில் அலை அலையாகின்றன. நேர்ச்சாலையில் வெறும் குலுக்கலாகத் தோன்றும் மேடு, வளைவில் சக்கரத்தைத் தரையிலிருந்து விலக்கிவிடும்.

வளைவில் என்ன நிகழ்கிறது?

நகரும் பொருள் நேராகச் செல்லவே முயலும். அதனை வளைவில் திருப்ப, வளைவின் மையத்தை நோக்கி ஒரு விசை இழுக்க வேண்டும். இருசக்கர வாகனத்தில் அவ்விசை டயருக்கும் சாலைக்கும் இடையேயான உராய்விலிருந்தே கிடைக்கிறது. இரண்டு டயர்களும் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய இரண்டு உள்ளங்கை அளவுதான். உங்கள் உயிரும் பின்னால் அமர்ந்திருப்பவரின் உயிரும் அந்தப் பரப்பை நம்பியே இருக்கின்றன.

தேவைப்படும் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காக வேண்டும். 50 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவில் வண்டி எவ்வளவு சாய வேண்டும் என்பதைப் பாருங்கள்.

• மணிக்கு 40 கி.மீ. வேகத்தில்: சுமார் 14 பாகை
• மணிக்கு 60 கி.மீ. வேகத்தில்: சுமார் 30 பாகை
• மணிக்கு 80 கி.மீ. வேகத்தில்: சுமார் 45 பாகை

14 பாகைச் சாய்வை எவரும் அச்சமின்றிச் செய்வர். 30 பாகைச் சாய்வு பழக்கமில்லாதவருக்கு அச்சமூட்டும். 45 பாகையில், அன்றாடப் பயன்பாட்டுக்கான வண்டிகளின் கால்மிதி அல்லது ஸ்டாண்டு அதற்கு முன்பே தரையில் உரசக்கூடும். சாலை ஈரமாகவோ மணலாகவோ இருந்தால், 60 கி.மீ. வேகத்துக்குத் தேவையான பிடிப்பே கிடைக்காமல் போகலாம். “நேற்றும் இதே வேகத்தில்தான் வந்தேன்” என்று சிலர் கூறுவதுண்டு. நேற்றுச் சாலை உலர்ந்திருந்தது.

மற்றொரு கணக்கையும் நினைவில் கொள்ளுங்கள். 60 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. ஆபத்தைக் கண்டு கை பிரேக்கை அழுத்த ஒன்றரை நொடி ஆனால், அதற்குள் 25 மீட்டர் கடந்துவிடும். கருவேல மறைப்புள்ள வளைவில் உங்களுக்குத் தெரியும் தூரமே அவ்வளவு இருக்காது. ஆகவே அடிப்படை விதி இதுதான்: கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகத்திலேயே செல்ல வேண்டும்.

வளைவைக் கடக்கும் முறை

1. முன்பே வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்கு முன், வண்டி நேராக நிமிர்ந்து இருக்கும்போதே, முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் சேர்த்துப் படிப்படியாகப் பயன்படுத்துங்கள். தேவையான கியருக்கு அப்போதே மாறிவிடுங்கள். வளைவுக்குள் கிளட்சை அழுத்தி வண்டியைத் தானாக உருளவிடக் கூடாது.

2. வளைவின் முடிவை நோக்குங்கள். முன்சக்கரத்துக்கு முன்னால் உள்ள தரையையே பார்க்காமல், தலையைத் திருப்பி, செல்ல வேண்டிய திசையைத் தொலைவில் பாருங்கள். பார்வை செல்லும் இடத்துக்கே வண்டி செல்லும். பள்ளத்தையோ எதிரே வரும் லாரியையோ அச்சத்துடன் உற்று நோக்குபவர் அதை நோக்கியே வண்டியைச் செலுத்திவிடுகிறார்.

3. வண்டியைச் சாயுங்கள். ஓடும் வண்டி சாய்வதால்தான் திரும்புகிறது. எப்பக்கம் திரும்ப வேண்டுமோ, அப்பக்கத்துக் கைப்பிடியை முன்னோக்கி மெல்ல அழுத்துங்கள். இடப்பக்கம் திரும்ப இடக் கைப்பிடி. வலப்பக்கம் திரும்ப வலக் கைப்பிடி. கேட்பதற்கு முரணாகத் தோன்றினும், அவ்வாறு அழுத்தும்போது வண்டி அதே பக்கம் சாய்வதை உணர்வீர்கள். ஆளில்லாத அகன்ற திடலில், மணிக்கு 30 கி.மீ. அளவிலான வேகத்தில் பழகிப் பாருங்கள். “வண்டி திரும்பலை” என்று கூறியவர்களுள் பலர், கைப்பிடியை இறுகப் பற்றி, சாய அஞ்சி, உடலை விறைப்பாக வைத்திருந்தவர்களே.

4. சீராகச் செலுத்துங்கள். வளைவு முழுவதும் ஆக்சிலரேட்டரை ஒரே அளவில் மென்மையாக வைத்திருங்கள். திடீரெனத் திருகுவதும் திடீரென விடுவதும் டயரின் பிடிப்பைக் குலைக்கும். வண்டி நிமிரத் தொடங்கிய பிறகே வேகத்தைக் கூட்டுங்கள்.

இடவளைவும் வலவளைவும்

நம் நாட்டில் இடப்புறம் செல்கிறோம். இடவளைவில் வேகம் மிகுந்தால் வண்டி வலப்புறம் அகன்று எதிர்வரும் வாகனத்தின் பாதைக்குள் நுழையும். நேருக்கு நேர் மோதும் விபத்துகளுள் பல இவ்வாறே நேர்கின்றன. வலவளைவில் வேகம் மிகுந்தால் வண்டி இடப்புறம் சாலையை விட்டு இறங்கி, மைல்கல்லிலோ மரத்திலோ மோதும்.

வலவளைவில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. சக்கரங்கள் உங்கள் பாதியில் இருந்தாலும், வலப்புறம் சாய்ந்த உங்கள் தலையும் தோளும் நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பாதியில் நீட்டிக்கொண்டிருக்கும். எதிரே வருவது ஆலை வேனாக இருந்தால் விளைவைக் கூற வேண்டியதில்லை. எனவே வலவளைவில் நடுக்கோட்டிலிருந்து போதிய அளவு விலகியே செல்லுங்கள். கோடே இல்லாத கிராமச் சாலையில், சாலையின் இடப்பாதியை விட்டு எந்த வளைவிலும் வெளியே வராதீர்கள். வளைவைக் “குறுக்கே வெட்டிச்” செல்வது கூடவே கூடாது. மறைவான வளைவில் ஒலியெழுப்புங்கள், முந்திச் செல்லாதீர்கள்.

வேகம் மிகுந்து வளைவுக்குள் நுழைந்துவிட்டால்

முதல் உந்துதல் பிரேக்கை இறுகப் பிடிப்பதாகவே இருக்கும். அதுவே பெரும்பாலும் விழச் செய்கிறது. சாய்ந்த நிலையில் டயர் தன் பிடிப்பின் பெரும்பகுதியைத் திரும்புவதற்கே செலவிட்டுக்கொண்டிருக்கிறது. அதனுடன் கடும் பிரேக்கும் சேர்ந்தால் சறுக்கும். ஏபிஎஸ் பொருத்திய வண்டியும் சாய்ந்த நிலையில் சறுக்காது என்பதற்கு உறுதியில்லை.

சாலை உலர்ந்து, மணலின்றி இருந்தால், பார்வையை வளைவின் முடிவில் நிறுத்தி, இன்னும் சற்றுச் சாயுங்கள். அன்றாட வண்டிகள் நாம் வழக்கமாகச் சாய்ப்பதைவிட அதிகமாகச் சாயக்கூடியவையே. முன்னால் வெற்றிடம் இருந்தால், வண்டியை நிமிர்த்தி நேராக்கிய பின்னர் பிரேக் பிடியுங்கள். வளைவிலேயே வேகத்தைக் குறைத்தாக வேண்டுமெனில் மிக மென்மையாகக் குறையுங்கள்.

பின்னிருக்கையில் அமர்பவர்

ஆலைக்குச் செல்லும் பெண்களுள் பலர் ஒருபக்கமாக அமர்ந்தே பயணம் செய்கின்றனர். அவ்வாறு அமரும்போது எடை ஒருபுறம் கூடுவதால் வண்டியின் சமநிலை வளைவில் மாறுபடுகிறது. வளைவுக்கு எதிராக உடலைத் திருப்பினால் வண்டி சாய மறுக்கும். இயன்றவரை இருபுறமும் காலிட்டு அமர்வதே பாதுகாப்பு. சேலைத் தலைப்பையும் துப்பட்டாவையும் இறுகச் செருகிக்கொள்ளுங்கள். சேலைத் தடுப்புக் கம்பியைக் கழற்றாதீர்கள். பின்னிருப்பவர் ஓட்டுபவரைப் பிடித்துக்கொண்டு, அவர் சாயும் பக்கமே அவருடன் சாய வேண்டும்.

ஒரே வண்டியில் மூவர் செல்வது சட்டப்படி குற்றம். எடை பின்னால் நகர்வதால் முன்சக்கரத்தின் பிடிப்புக் குறைகிறது, திருப்புவது முன்சக்கரம்தான். கருந்திரி, வெடிமருந்து, பட்டாசுப் பொட்டலம் ஆகியவற்றை இருசக்கர வாகனத்தில் ஒருபோதும் கொண்டு செல்லாதீர்கள். எலும்பு முறிவோடு முடிந்திருக்க வேண்டிய ஒரு வீழ்ச்சி, உராய்வாலும் தீப்பொறியாலும் தீக்காயமாக மாறிவிடும்.

டயரின் காற்றழுத்தத்தை வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒருவர் அமர்வதற்கான அளவு கையேட்டில் தனியே குறிக்கப்பட்டிருக்கும். தேய்ந்து வழுவழுப்பான டயரை மழைக்காலத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

ஓட்டுபவரின் உடல்நிலை

வளைவு ஒரு நொடியில் பல முடிவுகளைக் கேட்கிறது. உடல் அதற்கு ஆயத்தமாக இருக்க வேண்டும்.

• களைப்பு: பண்டிகைக்கு முந்தைய வாரங்களில் நெடுநேரம் பணியாற்றிய பின் வண்டியோட்டுவோர் கண்ணைத் திறந்தபடியே சில நொடிகள் உறங்கக்கூடும். கொட்டாவி தொடர்ந்தால் நிறுத்தி இளைப்பாறுங்கள்.

• நீரிழிவு: இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொண்டு, காலை உணவின்றிப் புறப்படாதீர்கள். சர்க்கரை அளவு தாழ்ந்தால் நடுக்கம், வியர்வை, குழப்பம் தோன்றும்.

• மருந்துகள்: சளி, அரிப்பு, ஒவ்வாமை ஆகியவற்றுக்கான சில மாத்திரைகள் தூக்கம் தருபவை. வண்டி ஓட்டலாமா என மருத்துவரிடம் கேளுங்கள்.

• பார்வை: 40 வயதைக் கடந்தவர்கள் ஆண்டுதோறும் கண் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். எதிர்வரும் விளக்கொளி மிகுதியாகக் கூசினால் கண்புரை இருக்கலாம். முன்விளக்கு நேராகவே ஒளி வீசும், வளைவுக்குள் வீசாது என்பதால் இரவில் வேகத்தை மேலும் குறையுங்கள்.

• மது: “கொஞ்சம்தான்” என்பது இங்கு பொருந்தாது. வேகத்தைக் கணிக்கும் திறனை மது முதலிலேயே குலைத்துவிடுகிறது.

தலைக்கவசம்

வளைவில் விழுபவர் பக்கவாட்டில் விழுகிறார்; தலை சாலையிலோ ஓரக்கல்லிலோ மோதுகிறது. தலைக்கவசம் இறப்பை ஏறத்தாழ 42 விழுக்காடும் தலைக்காயத்தை ஏறத்தாழ 69 விழுக்காடும் குறைக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட அறிக்கை கூறுகிறது. ஐ.எஸ். 4151 எனும் தர எண்ணுடன் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதையே வாங்குங்கள். தாடைப் பட்டையை மாட்டாவிட்டால், விழும்போது தலைக்கு முன்பே தலைக்கவசம் சென்றுவிடும். பின்னிருப்பவருக்கும் நான்கு வயதுக்கு மேற்பட்ட சிறார்க்கும் இது சட்டப்படி கட்டாயம்.

விபத்து நேர்ந்தால்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அந்தி வேளையில், ஆலைப் பணி முடிந்து திரும்பிய தம்பதியர் கண்மாய்க்கரை வளைவில் விழுந்தனர். மனைவிக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. கணவர் எழுந்து, உடையைத் தட்டிக்கொண்டு, தமக்கு ஒன்றுமில்லை என்று கூறி மனைவியை மருத்துவமனைக்கு அழைத்து வந்தார். அவருடைய தலைக்கவசம் கண்ணாடிக் கம்பியில் மாட்டப்பட்டிருந்தது. மனைவிக்குக் கட்டுப் போடுவதைப் பார்த்தபடி வெளியே அமர்ந்திருந்தவர் இரண்டு மணி நேரத்தில் வாந்தி எடுத்தார். களைப்பாக இருக்கும், உறங்கட்டும் என்றார்கள் உடன் வந்தவர்கள். அவர்களுள் ஒருவர் மட்டும், “இந்நேரத்தில் இவர் தூங்க மாட்டாரே” என்று செவிலியரை அழைத்தார். மண்டையோட்டுக்குள் இரத்தம் தேங்கியிருந்தது. மதுரைக்கு அனுப்பப்பட்டு, அறுவை சிகிச்சைக்குப் பின் அவர் பிழைத்தார். அந்த உறவினர் அழைக்காதிருந்தால், மறுநாள் காலை மனைவி கட்டுப்போட்ட கையுடன் தனியே வீடு திரும்பியிருப்பார்.

எனவே தலையில் அடிபட்டவர் நன்றாகத் தோன்றினாலும் மருத்துவப் பரிசோதனை கட்டாயம் தேவை. வாந்தி, மிகுந்த உறக்கம், கடும் தலைவலி, பேச்சுக் குழறல், வலிப்பு, காதிலோ மூக்கிலோ இரத்தம் அல்லது தெளிந்த நீர் வடிதல், ஒரு கை அல்லது கால் செயலிழத்தல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். முதல் 24 மணி நேரம் அவரைத் தனியே விடாதீர்கள்.

விபத்தைக் காண்பவர் செய்ய வேண்டியவை:

• 108-ஐ அழையுங்கள். வளைவுக்கு இருபுறமும் ஆள் நிறுத்தி, வரும் வாகனங்களை எச்சரியுங்கள்.
• கழுத்தை அசைக்காதீர்கள். தூக்கி உட்கார வைக்காதீர்கள். மூச்சுத் தடைப்பட்டால் மட்டும், ஒருவர் தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்திருக்க, மற்றவர் தலைக்கவசத்தை மெதுவாகக் கழற்ற வேண்டும்.
• இரத்தம் வழியும் இடத்தில் தூய துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். காப்பித்தூள், மண், பெட்ரோல் எதனையும் காயத்தில் இடாதீர்கள்.
• தண்ணீரோ சோடாவோ கொடுக்காதீர்கள். அறுவை சிகிச்சை தேவைப்படலாம், மயங்கியவருக்குப் புரையேறும்.
• சிராய்ப்பு மட்டுமே எனினும் தூய நீரில் கழுவி, டெட்டனஸ் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

காவல்துறை விசாரணைக்கு அஞ்சி ஒதுங்க வேண்டாம். விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்துடன் உதவுபவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்பு அளிக்கிறது. 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்கீழ், திட்டத்தில் இணைந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை நிர்ணயிக்கப்பட்ட வரம்புக்குள் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. காப்பீட்டு அட்டை இல்லை என்பதற்காகத் தாமதிக்காதீர்கள்.

நினைவில் கொள்ளுங்கள்

• வேகத்தை வளைவுக்கு முன் குறையுங்கள், வளைவுக்குள் அல்ல.
• போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். ஆபத்தை உற்றுப் பார்க்காதீர்கள்.
• மழை, மணல், இருள், களைப்பு – இவற்றுள் ஒன்று இருந்தாலும் வேகத்தை மேலும் குறையுங்கள்.
• தலைக்கவசம் தலையில் இருக்கட்டும், பட்டை மாட்டியிருக்கட்டும்.

நாள்தோறும் செல்லும் சாலையில் எந்த வளைவு மறைவானது, எங்கே மண் ஒதுங்கும் என்பது உங்களுக்குத்தான் நன்கு தெரியும். நாளை காலை அவ்வளைவை அணுகும்போது, வழக்கமான வேகத்திலிருந்து 10 கி.மீ. குறைத்துப் பாருங்கள். வேலைக்குச் சேர்வதில் சில நொடிகளே தாமதமாகும்.